அட்டையில் இருக்கும் தேதி: வர்ஜீனியாவில் மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கான பெர்மிட்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் பெல்ட்டில் உறை மாட்டி, அதில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அவர் வயது வந்தவர், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை இல்லாதவர். பெரும்பாலான இடங்களில் இதற்கு எந்த அனுமதிச் சீட்டும் வேண்டாம். கடையை விட்டு வெளியே வரும்போது குளிர்காற்று அடிக்கிறது, ஜாக்கெட்டை மாட்டிக்கொள்கிறார். ஜாக்கெட்டின் கீழ்விளிம்பு இறங்கித் துப்பாக்கியை மூடிவிடுகிறது. பெர்மிட் இல்லையென்றால் அந்த நிமிடத்திலிருந்து அவர் செய்வது குற்றம்.

முதல் தடவை பிடிபட்டால் அது முதல் வகுப்புச் சிறுகுற்றம். அதிகபட்சம் 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம். இரண்டாம் தடவை என்றால் ஃபெலனி, அதாவது கடுங்குற்றம்.

இந்தப் பெர்மிட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த ஜாக்கெட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் என்றால் துப்பாக்கியை வைத்திருக்கவே வாங்கும் லைசென்ஸ். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வர்ஜீனியாவில் வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்பதில்லை. கடையில் வாங்கும்போது குற்றப் பின்னணியைச் சோதிப்பார்கள், அது வேறு விஷயம். இங்கே பெர்மிட் துப்பாக்கிக்கு அல்ல, மறைப்பதற்கு. 'சாதாரணமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி' உடலோடு ஆயுதத்தை வைத்திருப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது. பெர்மிட் அந்தத் தடையிலிருந்து விலக்குத் தருகிறது. சட்டத்தின் மொழியில் அது வழக்கில் எடுத்து வைக்கக்கூடிய ஒரு எதிர்வாதம். அந்த வாதம் நிற்க வேண்டுமானால், சம்பவ நாளில் பெர்மிட் உயிரோடு இருந்திருக்க வேண்டும். காலாவதியாகி ஒரு நாள் ஆகியிருந்தாலும் அந்த வாதம் கிடையாது.

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ், லவுடன், ஹென்ரைக்கோ கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களில் துப்பாக்கி வாங்குவோரும் இருக்கிறார்கள். வாங்கலாமா கூடாதா என்பது அவரவர் முடிவு, அதற்குள் நான் போகவில்லை. வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கவலை. பெர்மிட் வாங்குவது பெரிய சிரமமில்லை. அதைச் சரியான நேரத்தில் புதுப்பிக்கத் தவறினால் வரும் விளைவு, குடியுரிமை இல்லாத ஒருவருக்கு, அவர் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டாத அளவுக்குப் பெரியது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மறைத்து வைப்பதன் மேல் வர்ஜீனியாவுக்கு இருக்கும் கோபம் பழசு. 1838-லேயே இதற்கு எதிராகச் சட்டம் போட்டார்கள். அந்தக் காலத்து எண்ணம் இது: நேர்மையானவன் ஆயுதத்தை வெளியே தெரியும்படி வைத்திருப்பான், ஒளித்து வைத்திருப்பவனுக்குத்தான் கெட்ட நோக்கம் இருக்கும். இன்று நிலைமை தலைகீழ். பொது இடத்தில் துப்பாக்கி வெளியே தெரிந்தால்தான் பக்கத்தில் நிற்பவர்கள் பதறுகிறார்கள். ஆனால் சட்டத்தின் எலும்புக்கூடு இன்னும் அந்த நூற்றாண்டுடையதுதான்.

நீண்ட காலத்துக்குப் பெர்மிட் தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பத்தில் இருந்தது. 'உனக்கு எதற்குத் துப்பாக்கி?' என்ற கேள்விக்கு விண்ணப்பதாரர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1995-இல் அது மாறியது. தகுதியின்மைப் பட்டியலில் ஒருவர் விழவில்லையென்றால் பெர்மிட் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆனது. நியூயார்க் போன்ற மாநிலங்கள் அந்தக் கேள்வியை 2022 வரை கேட்டுக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஜூன் 23 அன்று புரூவன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தனிப்பட்ட காரணம் காட்டச் சொல்வது அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்துக்கு எதிரானது என்பது தீர்ப்பு. வர்ஜீனியாவுக்கு இதனால் பெரிய மாற்றமில்லை, இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது.

இந்த மாநிலத்தில் இன்னொரு வழக்கம் தனித்துத் தெரியும். பல மாநிலங்களில் பெர்மிட்டை ஷெரிஃப்போ (கவுன்டியின் காவல் அதிகாரி) மாநிலப் போலீஸோ தருவார்கள். வர்ஜீனியாவில் அங்கேயே வசிப்பவருக்குத் தருவது அவர் வசிக்கும் கவுன்டியின் அல்லது நகரத்தின் சர்க்யூட் கோர்ட். சொத்துப் பத்திரம் பதியும், திருமண லைசென்ஸ் தரும் அதே கிளார்க் அலுவலகத்தில்தான் இந்த விண்ணப்பமும் போகிறது. வெளிமாநிலத்தில் வசிப்பவருக்கு மட்டும் மாநிலப் போலீஸ் தருகிறது. அதற்குக் கட்டணம் 100 டாலர், கைரேகையும் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவத்துக்கு எஸ்பி-248 என்று பெயர். 21 வயது ஆகியிருக்க வேண்டும். அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை ஒன்றும், துப்பாக்கியைக் கையாளத் தெரியும் என்பதற்கான சான்று ஒன்றும் இணைக்க வேண்டும். கட்டணம் மூன்று துண்டாக வரும்: கோர்ட்டுக்கு 10 டாலர், உள்ளூர்ப் போலீஸ் விசாரணைக்கு 35 வரை, மாநிலப் போலீஸுக்கு 5 வரை. எல்லாம் சேர்ந்து 50 டாலரைத் தாண்டக் கூடாது. வர்ஜீனியாவாசிகளுக்குக் கைரேகை வேண்டாம். முன்பு சில கவுன்டிகள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன, 2012-இல் அதை எடுத்துவிட்டார்கள். சட்டத்தில் சொன்னதைத் தவிர வேறு ஒரு காகிதத்தையும் கிளார்க் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் புதுப்புது நிபந்தனை முளைப்பதைத் தடுக்கும் நல்ல வரி அது.

படிவத்தில் பொய் சொன்னால் பொய்ச்சத்தியம் செய்த குற்றம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் படிவத்தின் கேள்விகள் நினைவைச் சோதிப்பவை. எப்போதோ நடந்த கைது, எப்போதோ எடுத்த சிகிச்சை, எல்லாவற்றையும் யோசித்துத்தான் பதில் எழுத வேண்டும்.

விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கோர்ட் பெர்மிட் தர வேண்டும், அல்லது ஏன் இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். தாமதமானால் விண்ணப்பதாரர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. 45 நாள் கடந்துவிட்டது என்று கிளார்க் விண்ணப்பத்தின் மேலேயே சான்றளித்து, ஐந்து வேலை நாட்களுக்குள் நகல் அனுப்ப வேண்டும். அந்த நகலே தற்காலிகப் பெர்மிட். 90 நாள் செல்லும். அரசாங்கம் தாமதித்தால் அதன் சுமை குடிமகன் தலையில் விழக்கூடாது என்று யோசித்து எழுதிய ஏற்பாடு இது. மறுத்துவிட்டால், 21 நாட்களுக்குள் நேரடி விசாரணை கேட்கலாம். அதற்கும் மேலே போக மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது.

இனி யாருக்குக் கிடையாது என்ற பட்டியல். அது நீளம், எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஃபெலனி தண்டனை பெற்றவர், ஃபெலனி வழக்கு நிலுவையில் இருப்பவர், குடும்ப வன்முறைக்கான பாதுகாப்பு உத்தரவுக்கு ஆளானவர், ராணுவத்திலிருந்து அவமதிப்போடு வெளியேற்றப்பட்டவர் எல்லாரும் அதில் உண்டு. மனநலக் காரணத்துக்காகக் கோர்ட் உத்தரவின் பேரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், வெளியே வந்து ஐந்து ஆண்டு ஆகாமல் விண்ணப்பிக்க முடியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவருக்கும், பொது இடத்தில் குடிபோதையில் இருந்து தண்டனை பெற்றவருக்கும் மூன்று ஆண்டு கதவு மூடியிருக்கும்.

ஐந்து ஆண்டுக்குள் இரண்டு சிறுகுற்றம், அதில் ஒன்று முதல் வகுப்பு என்றாலும் கிடையாது. இங்கே நம்மவர்கள் பலருக்கு ஒரு பயம் வரும். வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலைத் தாண்டி ஓட்டினாலே ரெக்லெஸ் டிரைவிங், அதாவது பொறுப்பற்ற ஓட்டுதல், அதுவும் முதல் வகுப்புச் சிறுகுற்றம்தான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வரும் சிறுகுற்றங்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. குடிபோதை ஓட்டுதல் வேறு தொகுப்பில் இருப்பதால் அது சேரும்.

கஞ்சா விஷயத்தில் ஒரு குழி இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் வர்ஜீனியாவில் வயது வந்தவர் சிறிய அளவு கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை. மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் தடை செய்யப்பட்ட பொருள். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் மத்திய அரசுப் படிவத்தில் இதைத் தனியாகவே எச்சரித்திருக்கிறார்கள்: உங்கள் மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கஞ்சா மத்தியச் சட்டத்துக்கு எதிரானதுதான். பயன்படுத்துபவர், அது பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினால் அது பொய். இரண்டு அரசாங்கங்கள் இரண்டு மொழி பேசும்போது நடுவில் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர்தான்.

குடியேறியவர்களுக்கான நிபந்தனை பட்டியலில் ஒரே வரிதான். அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பெர்மிட் கிடையாது. பெர்மிட் மட்டுமல்ல, இந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அந்த விலக்கை நம்பி யாரும் இறங்க வேண்டாம் என்பேன். கிரீன் கார்டு உள்ளவரும் விசாவில் இருக்கும் நண்பரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தால் அங்கேயும் கவனம் வேண்டும். துப்பாக்கி யார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்ற கேள்வி எழக்கூடும்.

பின்னணி சோதனை என்கிறோமே, அது எவ்வளவு நம்பகமானது? இந்தக் கேள்விக்கு வர்ஜீனியா கொடுத்த விலை பெரியது. 2007 ஏப்ரல் 16 அன்று பிளாக்ஸ்பர்க்கில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போனவர். நீரியல் படித்து, அதையே சொல்லிக்கொடுத்தவர். நாரிஸ் ஹாலில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். சுட்ட மாணவன் இரண்டு கைத்துப்பாக்கிகளையும் முறைப்படி, பின்னணி சோதனையில் தேறித்தான் வாங்கியிருந்தான். ஆனால் 2005 டிசம்பரிலேயே அவன் தனக்குத்தானே ஆபத்தானவன் என்று ஒரு சிறப்பு நீதிபதி கண்டறிந்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தார். மத்தியச் சட்டப்படி அந்த உத்தரவு ஒன்றே துப்பாக்கி வாங்குவதைத் தடுக்கப் போதும். ஆனால் வர்ஜீனியா அப்போது மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் விவரத்தைத்தான் பட்டியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநோயாளி உத்தரவு போய்ச் சேரவில்லை. சோதனை செய்தவருக்குத் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

அதே மாத இறுதியில் ஆளுநர் டிம் கெய்ன் உத்தரவு போட்டு அந்த ஓட்டையை அடைத்தார், மறு ஆண்டு சட்டமும் வந்தது. அது பெர்மிட் சம்பந்தப்பட்ட வழக்கு இல்லைதான். ஆனால் பெர்மிட் கேட்பவரைப் பற்றி விசாரிக்கும்போதும் கோர்ட் நம்பியிருப்பது இதே மாதிரியான பதிவுகளைத்தான். உள்ளூர் ஷெரிஃப்பையோ போலீஸையோ கேட்கிறது, மாநிலக் குற்றப்பதிவு மையத்தின் அறிக்கையைப் பார்க்கிறது. பதிவில் ஏறாதது கோர்ட் கண்ணில் படாது.

பயிற்சிச் சான்றுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு வர்ஜீனியா சட்டத்தின் மேல் குறை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, தேசிய ரைஃபிள் சங்கத்தின் பாதுகாப்பு வகுப்பு, போலீஸ் பயிற்சி, ராணுவ அனுபவம் என்று ஏற்கத்தக்கவற்றின் பட்டியல் நீளம். 2021 ஜனவரி 1 வரை இணையத்தில் ஒரு வீடியோ பார்த்துவிட்டுச் சான்றிதழை அச்சடித்துக்கொள்ளக்கூட முடிந்தது. அந்தத் தேதியிலிருந்து நேரில் உட்கார்ந்து படித்தால்தான் செல்லும். நல்ல திருத்தம். ஆனால் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. இலினாய் 16 மணி நேரம் கேட்கிறது. நியூயார்க் 2022-க்குப் பிறகு 16 மணி நேர வகுப்போடு 2 மணி நேரம் சுட்டுப் பழகவும் சொல்கிறது. பக்கத்து மாநிலமான வட கரோலினாவில் பெர்மிட்டுக்கான வகுப்பு ஒரு முழு நாள் பிடிக்கும். வர்ஜீனியாவில் ஒரு பிற்பகல் வகுப்பே போதுமானதாகிவிடலாம்.

சரி, பெர்மிட் கையில் வந்துவிட்டது. ஓட்டுநர் லைசென்ஸ் அளவில் ஒரு அட்டை. அதில் பெயர், முகவரி, பிறந்த தேதி, பாலினம், உயரம், எடை, முடியின் நிறம், கண்ணின் நிறம், கையெழுத்து, கொடுத்த தேதி, முடியும் தேதி. இத்தனையும் கேட்கும் சட்டம் புகைப்படத்தைக் கேட்கவில்லை. அதனால்தான் துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கும்போதெல்லாம் இந்த அட்டையோடு அரசுப் புகைப்பட அடையாள அட்டையும் கூடவே இருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டும். மறந்துவிட்டு வந்தால் 25 டாலர் அபராதம், அவ்வளவுதான். பெர்மிட் இல்லாமலிருப்பது குற்றம், இருந்தும் பர்ஸில் இல்லாதது சிறு தவறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புதுப்பித்தலில் இதுவே பெரிதாகும்.

பெர்மிட் எல்லா இடத்துக்கும் செல்லாது. பள்ளி, நீதிமன்றம், விமான நிலைய முனையம் இவற்றில் பெர்மிட் இருந்தாலும் துப்பாக்கிக்கு இடமில்லை. தனியார் இடத்தின் உரிமையாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 2020-லிருந்து கவுன்டிகளும் நகரங்களும் தங்கள் கட்டடங்களிலும் பூங்காக்களிலும் தடை போட்டுக்கொள்ளலாம், ஃபேர்ஃபாக்ஸும் அலெக்ஸாண்ட்ரியாவும் ரிச்மண்டும் போட்டிருக்கின்றன. மது பரிமாறும் உணவகத்துக்குள் மறைத்து எடுத்துப் போகலாம், ஆனால் அங்கே ஒரு மிடறுகூடக் குடிக்கக் கூடாது.

மாநில எல்லைதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. வடக்கு வர்ஜீனியாவில் இருப்பவர் பொட்டோமேக் ஆற்றுப் பாலத்தை ஏறிக் கடக்க ஐந்து நிமிடம் ஆகாது. பாலத்தின் அந்தப் பக்கம் வாஷிங்டன் டி.சி. அங்கே வர்ஜீனியா பெர்மிட் செல்லாது, மேரிலாந்திலும் செல்லாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சட்டப்படி நடப்பவர், அலுவலகம் போய்ச் சேரும்போது ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றத்தைச் செய்துகொண்டிருப்பார். அவர் தன் வழக்கமான பாதையில்தான் வந்தார், வண்டியில் எதுவும் மாறவில்லை.

மாநிலங்களுக்கிடையே இந்தப் பரஸ்பர ஒப்புதல் அரசியலோடு சேர்ந்து ஆடும். 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங் 25 மாநிலங்களின் பெர்மிட்டை இனி ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் எதிர்க்கட்சியோடு உடன்பாடு செய்தார். பிற மாநிலப் பெர்மிட்டுகளை மீண்டும் ஏற்பது, பதிலுக்குக் குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவுக்கு ஆளானவர்களிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று சட்டம் போடுவது. 2016 ஜூலை 1 அன்று அது அமலுக்கு வந்தது. ஏழு மாதத்துக்குள் இரண்டு முறை விதி திரும்பியது. அதனால் வேறு மாநிலத்துக்குப் போகிறவர் போன வருடம் படித்ததை நம்பிக் கிளம்பக் கூடாது. வர்ஜீனியா சட்டமன்றம் ஆண்டுதோறும் ஜனவரியில் கூடுகிறது, புதுச் சட்டங்கள் வழக்கமாக ஜூலை 1 அன்று அமலாகின்றன. அந்த வாரம் மாநிலப் போலீஸின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

இப்போது புதுப்பித்தல். பெர்மிட் ஐந்து ஆண்டு செல்லும். முடிவதற்கு 180 நாளுக்கும் 90 நாளுக்கும் நடுவில் விண்ணப்பம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த இடைவெளிக்குள் போனால், புதுப் பெர்மிட்டின் ஐந்து ஆண்டு, பழையது முடியும் நாளிலிருந்து தொடங்கும். ஒரு நாளும் வீணாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அட்டையில் முடியும் தேதி 2027 ஜூன் 30 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 180 நாள் முன்பு ஜனவரி 1. 90 நாள் முன்பு ஏப்ரல் 1. ஆக, ஜனவரி பிறந்ததிலிருந்து ஏப்ரல் முதல் நாள் வரை ஜன்னல் திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் பழைய பெர்மிட்டில் மிச்சமிருக்கும் நாட்கள் புதியதோடு சேராது. ஏப்ரல் போய், மே போய், ஜூன் 20 அன்று நினைவு வந்து ஓடுகிறார் என்றால்? கோர்ட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, அது ஆகஸ்ட் 4 வரை போகும். ஜூன் 30 நள்ளிரவோடு பழைய பெர்மிட் செத்துவிட்டது. நடுவில் ஐந்து வாரம். விண்ணப்பித்த ரசீது பெர்மிட் ஆகாது. 45 நாள் முடிந்த பிறகு வரும் தற்காலிகச் சான்றும் இந்த ஐந்து வாரத்தை மூடாது. பணிக்காக அனுப்பப்பட்ட ராணுவத்தினருக்கு மட்டும், பணி முடிந்து 90 நாள் வரை நீட்டிப்பு உண்டு. மற்றவர்களுக்குச் சலுகை நாட்கள் என்று எதுவும் இல்லை.

ஓட்டுநர் லைசென்ஸ் காலாவதியானால் என்ன ஆகும் என்று நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு டிக்கெட், கொஞ்சம் அபராதம், போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதுதான் தவறு. பெர்மிட் காலாவதியானவர் சட்டத்தின் கண்ணில் பெர்மிட்டே வாங்காதவர். ஜாக்கெட்டின் கீழே துப்பாக்கி இருந்தால் அது முதல் வகுப்புச் சிறுகுற்றம்.

முன்னால் சொல்லி வைத்தேனே, அந்த விஷயம் இங்கே வருகிறது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் நாடுகடத்தலுக்கான காரணங்களில் துப்பாக்கிக் குற்றம் தனி வகை. எந்தச் சட்டத்தையும் மீறித் துப்பாக்கியை வாங்கியதற்கோ விற்றதற்கோ வைத்திருந்ததற்கோ எடுத்துச் சென்றதற்கோ தண்டனை பெற்ற, குடியுரிமை இல்லாத எவரையும் அது பிடிக்கும். ஃபெலனியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. எத்தனை ஆண்டு இந்நாட்டில் இருந்தார் என்பதும் கணக்கில்லை. பதினைந்து வருடமாகக் கிரீன் கார்டில் இருப்பவர், வீடு வாங்கியவர், பிள்ளைகள் இங்கே பிறந்தவர். பெர்மிட் முடிந்ததைக் கவனிக்காமல், சட்டைக்குக் கீழே துப்பாக்கியோடு போய்ப் பிடிபட்டுத் தண்டனையாகிவிட்டால், குடியுரிமை பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் அபராதத்தோடு வீடு திரும்பும் அதே குற்றம் இவரைக் குடிவரவு நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். சிறிய தண்டனைதானே என்று வழக்கில் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டியது இதனால்தான். அதற்குப் பிறகு பார்ப்பதில் பயன் குறைவு.

இவ்வளவு கடுமையான தேதியைக் கடப்பது எளிதாக இருப்பதுதான் வருத்தம். புதுப்பிக்க நேரில் போக வேண்டியதில்லை, தபாலிலேயே அனுப்பலாம். மறுபடியும் வகுப்புக்குப் போக வேண்டாம், முன்பு பெர்மிட் வைத்திருந்ததே தகுதிச் சான்று. (இலினாயில் புதுப்பிக்க மீண்டும் 3 மணி நேரம் படிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தல். வர்ஜீனியாவில் 2005-இல் படித்தவர் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவே இல்லையென்றாலும் கேட்பாரில்லை. பொதுமக்கள் நடுவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நடப்பவர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பிற்பகலை ஒதுக்கச் சொல்வது யாருடைய உரிமையையும் பறிப்பதாகாது என்று நான் நினைக்கிறேன்.) கட்டணமும் அதே 50 டாலருக்குள்தான். பின்னணி சோதனையை மட்டும் முதலிலிருந்து செய்வார்கள்.

படிவத்தில் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கட்டாயமில்லை என்பதால் பலர் காலியாக விட்டுவிடலாம். நிரப்புங்கள். அந்தக் கோர்ட்டில் மின்னணு அறிவிப்பு வசதி இருந்து, நீங்களும் கேட்டிருந்தால், முடிவதற்கு குறைந்தது 90 நாள் முன்பு கிளார்க் உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 90-ஆவது நாளில் வரும் நினைவூட்டல், ஜன்னல் மூடும் நாளில் வருவது. அதனால் சொந்தமாக ஒரு நினைவூட்டலையும் ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள், 180-ஆவது நாளுக்கு. வீடு மாறினால் இன்னும் கவனம் தேவை. பெர்மிட் கொடுத்த கோர்ட்டில் புது முகவரிக்கான சான்றைக் காட்டினால் 10 டாலருக்குள் மாற்று அட்டை தருவார்கள். புதுப்பிக்கும்போது விண்ணப்பம் போக வேண்டியது இப்போது வசிக்கும் கவுன்டிக்கு. ஃபேர்ஃபாக்ஸிலிருந்து லவுடனுக்குக் குடிபோனவர் பழைய கோர்ட்டுக்கே அனுப்பிவிட்டு, அது திரும்பி வர மூன்று வாரம் இழப்பது நடக்கக்கூடியதுதான்.

ஐந்து ஆண்டுக்குள்ளேயே பெர்மிட் போய்விடும் சந்தர்ப்பங்களும் உண்டு. தகுதியைப் பறிக்கும் குற்றத்தில் தண்டனையானால் கோர்ட் ரத்து செய்யும். பாதுகாப்பு உத்தரவு வந்தால் அட்டையை ஒப்படைக்க வேண்டும். 2020 ஜூலை முதல், ஒருவர் தனக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து என்று தெரிந்தால் 14 நாள் வரையிலான அவசர உத்தரவும், விசாரித்த பின் 180 நாள் வரையிலான உத்தரவும் கோர்ட் போடலாம். அந்தக் காலத்தில் துப்பாக்கியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை.

பெர்மிட்டே வேண்டாம் என்று சொல்லும் மாநிலங்கள் இன்று அமெரிக்காவில் பாதிக்கு மேல். வெர்மாண்ட் எப்போதுமே கேட்டதில்லை. 2024-இல் தென் கரோலினாவும் லூசியானாவும் அந்த வரிசையில் சேர்ந்தன. அங்கிருந்து வர்ஜீனியாவுக்கு வேலை மாறி வருபவர் பழைய ஊர் வழக்கத்தையே தொடர்ந்தால் மாட்டிக்கொள்வார். இன்னும் கேட்கும் மாநிலங்களில் ஒன்று இது என்பதை முதல் வாரமே தெரிந்துகொள்ள வேண்டும்.

தேதி தவறிப்போனது இன்றுதான் தெரிந்தது என்றால் என்ன செய்வது? பதற வேண்டாம். விண்ணப்பத்தை இன்றே அனுப்பலாம், காலாவதியானதற்காகத் தகுதி போய்விடாது. புதுப் பெர்மிட் வரும்வரை உங்கள் வீட்டிலும் வீட்டு எல்லைக்குள்ளும், உங்களுக்குச் சொந்தமான கடையிலும் மறைத்து வைத்திருக்கப் பெர்மிட் தேவையில்லை. சொந்தக் காரில், மூடிய பெட்டியிலோ டாஷ்போர்டு அறையிலோ வைத்திருந்தால் அதற்கும் தேவையில்லை. காரிலிருந்து இறங்கி அதை எடுத்து இடுப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிடுவதுதான் தேவைப்படும் செயல். அதை மட்டும், தபாலில் அந்த உறை வந்து சேர்ந்து, புது அட்டையில் புதுத் தேதியைப் பார்க்கும் வரை செய்யாதீர்கள்.